போர்வெல் தண்ணீருக்கு நுரைக்கல் போடலாமா?

கே.ஆர்.புரம் வாசி:
எங்கள் அபார்ட்மெண்ட் போர்வெல் தண்ணீரை லேபில் கொடுத்தோம், ஃபுளோரைடு லிட்டருக்கு 2.1 மி.கி. என்று வந்திருக்கிறது. மாடிச் செடிகளுக்கு வாங்கிய பியூமிஸ், அதான் எரிமலை நுரைக்கல், பாதி மூட்டை மீதி கிடக்கிறது. கல் முழுக்கத் துளைதானே, இழுத்துக்கொள்ளும் என்று நினைத்து பக்கெட்டில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். பாதிக் கல் மிதக்கிறது, தண்ணீர் அரிசி கழுவினது மாதிரி ஆகிவிட்டது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டரில் முன்னும் 840, பின்னும் 840. நான் செய்ததில் தப்பா, இல்லை கல்லே இதற்கு ஆகாதா?

அல்சூர் கெமிஸ்ட்:
வெளுப்பு கல்தூள்தான் சார், நாலைந்து தடவை அலசினால் போய்விடும். டிடிஎஸ் மீட்டரை விடுங்க, 840-ல் 2 குறைந்தால் அதற்கு எங்கே தெரியப்போகிறது. துளை இருந்தால் மட்டும் போதாது, பரப்பில் ஒட்ட வேண்டும். நுரைக்கல் பெரும்பாலும் சிலிக்கா, சாதாரணத் தண்ணீரில் அதன் பரப்பு எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். ஈயம், காட்மியம் மாதிரி நேர்மின் அயனிகள் கொஞ்சம் ஒட்டும், ஃபுளோரைடும் எதிர்மின் அயனி, ஒரே மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் கிட்டவே வராது. அதோடு கண்ணுக்குத் தெரிகிற பெரிய துளைகள் என்பதால் ஒரு கிராமுக்குச் சில சதுர மீட்டர் பரப்பு தேறினாலே அதிகம், ஆக்டிவேட்டட் கார்பனில் அது 500-க்கு மேல். ஃபுளோரைடுக்கென்றால் அலுமினியம், இரும்பு ஆக்சைடு என்று ஏதாவது பூசித்தான் ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள்.

மீன்தொட்டிப் பைத்தியம்:
என் மீன்தொட்டி ஃபில்டரில் இதே மாதிரி துளையுள்ள எரிமலைக் கல், லாவா கல், மூன்று வருஷமாகக் கிடக்கிறது, மீன் கழிவால் வரும் அம்மோனியா ஏறினதே இல்லை. ஆனால் வேலை செய்வது கல் இல்லை, துளைக்குள் குடியிருக்கிற பாக்டீரியா. ஒரு தடவை மச்சான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று காவேரிக் குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார், குளோரினில் எல்லாம் காலி, அந்த வாரமே இரண்டு மீன் போச்சு.

கே.ஆர்.புரம் வாசி:
சரி சார், படிகாரம் கரைத்து நானே பூசிப் பார்க்கட்டுமா?

அல்சூர் கெமிஸ்ட்:
குடிக்கிற தண்ணீரில் வேண்டாம். பூச்சு சரியாகப் பிடிக்காவிட்டால் படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் தண்ணீரில் இறங்கும், கல் நிறைந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் லேபுக்கு ஓட வேண்டும். குடிநீரில் ஃபுளோரைடுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) வரம்பு லிட்டருக்கு 1 மி.கி., வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5. குடிக்க, சமைக்க மட்டும் ஆர்.ஓ. வையுங்க, குளிக்கத் துவைக்க போர்வெல்லே போதும். காய்ச்சிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் கெட்டிப்படும்.

கே.ஆர்.புரம் வாசி:
எங்கள் மாமியார் காலையில் அதைத்தான் சொன்னார். கல்லைக் கற்றாழைத் தொட்டிக்கே கொட்டிவிட்டேன் சார்.