சோபாவில் பேஸ் இல்லை, பின்சுவரோரம் இடிக்கிறது: சப்வூஃபரை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடம் 14 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்டது. செங்கல் சுவர், டைல்ஸ் தரை, ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ். 5.1 ரிசீவருடன் (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியை அனுப்பும் கருவி) 10 அங்குல சப்வூஃபர் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றை வாங்கி, டி.வி.க்கு இடப்புற மூலையில் வைத்திருக்கிறேன். அறையின் நடுவில் கிடக்கும் சோபாவில் பேஸ் மெலிந்து கேட்கிறது. அதே நேரத்தில், பின்சுவரை ஒட்டிய நாற்காலியில் அமரும் என் அம்மா, நெஞ்சில் இடிக்கிறது என்று பாதிப் படத்தில் எழுந்து போய்விடுகிறார். இது போதாதென்று, எதுவும் ஓடாதபோதும் சப்வூஃபரிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்துகொண்டே இருக்கிறது; இரவில் ஒலியைக் குறைத்தால் அது தானாகவே அணைந்தும் விடுகிறது. கடைக்காரர் 12 அங்குலத்துக்கு மாறச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:

வேண்டாம் ஐயா, இப்போதைக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் விவரித்திருப்பது பெட்டியின் குறையன்று, அறையின் இயல்பு. 14 அடி என்பது ஏறத்தாழ 4.27 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதால், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே சுமார் 40 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை, அதாவது சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி ஒன்றுகூடி இடம்பெயராமல் நிற்கும் அலை, உருவாகிறது. அந்த அலையின் அழுத்தம் இரு சுவர்களின் அருகிலும் உச்சத்தில் இருக்கும். சரியாக நடுவில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அந்தச் சுரம் உங்கள் அம்மாவை இடிப்பதும் உங்களை எட்டாமல் போவதும் இதனால்தான். வால்யூமை எவ்வளவு கூட்டினாலும் நடுவிலுள்ள பள்ளம் நிரம்பாது, பின்சுவரோரம் இடிப்பது மட்டுமே கூடும். 12 அங்குலம் வாங்கினாலும் இதே கதைதான்.

மூலையில் வைத்த சப்வூஃபர் அறையின் எல்லா நிலையலைகளையும் முழு வீச்சில் எழுப்பும். அதை நீளச் சுவரின் நடுப்பகுதிக்கு நகர்த்தினால் இந்த 40 ஹெர்ட்ஸ் அலை வெகுவாக அடங்கும். சரியான இடத்தைக் காது கொண்டே கண்டுபிடிக்கலாம். சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக அமரும் சோபா இருக்கையின் மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி, காதைப் பெட்டி இருக்கப்போகும் உயரத்தில் வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு, நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். சோபாவையும் ஓர் அடி, ஒன்றரை அடி பின்னுக்குத் தள்ள முடிந்தால் பலன் இன்னும் கூடும்.

பதில் 2:

இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்கு வரும் ஒயரைச் சப்வூஃபர் பக்கம் கழற்றிப் பாருங்கள். அப்போதும் இரைச்சல் நிற்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையரில் கோளாறு, வாரன்டியில் கொடுத்துவிடுங்கள். நின்றுவிட்டால், அது எர்த் இணைப்புகளுக்கிடையே ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஓசை. ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றுங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அதோடு, ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து மின்சாரம் கொடுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் போகலாம், ஆனால் மின்கசிவு ஏற்படும் நாளில் பெட்டியைத் தொடுபவருக்குப் பாதுகாப்பே இராது.

பதில் 3:

தானாக அணைவதற்குக் காரணம், ரிசீவரிலிருந்து வரும் சிக்னல் மிகவும் மெலிந்திருப்பதே. சப்வூஃபரின் பின்புற வால்யூம் குமிழ் கூட்டி வைக்கப்பட்டும், ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் அளவு மைனஸ் 8, மைனஸ் 10 என்றும் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் குமிழைக் குறைத்து, மெனுவில் 0 அருகே கொண்டுவாருங்கள். ரிசீவர் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்றும் (அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடும்), எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி அப்படிப் போக வேண்டும் என்பதைக் குறிக்கும் கிராஸோவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். பெட்டியிலும் கிராஸோவர் குமிழ் இருந்தால் அதை முழுவதும் மேலே திருப்பிவிட வேண்டும். இரண்டும் ஒருங்கே வேலை செய்தால் பேஸ் இருமுறை வடிகட்டப்படும். சப்வூஃபரின் ஒலியலை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு இணைந்து போகச் செய்யும் ஃபேஸ் சுவிட்சைக் கடைசியாகப் பாருங்கள்: நீங்கள் சோபாவில் இருக்க, வேறொருவர் 0, 180 என மாற்றட்டும், எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. இடத்தை மாற்றினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே கழிந்தது. ஷோகேஸுக்கும் வாசற்கதவுக்கும் இடையே, நீளச் சுவரின் நடுவில் பெட்டி இப்போது இருக்கிறது. சோபா ஓர் அடி பின்னால் போய்விட்டது. கேபிள் ஒயரைப் பிடுங்கிய நொடியில் இரைச்சல் நின்றது. அந்த ஒயரில் மாட்ட, எர்த் வழியே ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஐசோலேட்டர் ஒன்று வாங்க இருக்கிறேன். ரிசீவரில் மைனஸ் 9 என்றுதான் இருந்தது. அம்மா நேற்றிரவு படத்தை இறுதிவரை பார்த்தார். ஷோகேஸ் கண்ணாடி மட்டும் அதிர்ந்தது. அதன் தடத்தில் வெல்வெட் துணிப்பட்டை ஒட்டியதும் அடங்கிவிட்டது.