8 வயசுப் பொண்ணுக்கு சூப்பர்ஹீரோ உடுப்பு: யாரைத் தைக்கலாம்?

அம்மாபேட்டை தையல்கடை (கேள்வி)

வணக்கங்க. சேலம் அம்மாபேட்டைல 12 வருஷமா மாறுவேட உடுப்பு தைச்சு வாடகைக்கு விட்டுட்டு இருக்கேன். பாரதியார், வேலு நாச்சியார், தக்காளி, கத்திரிக்கா எல்லாம் உண்டு. இப்ப அஞ்சாறு வருஷமா பள்ளிக்கூட ஆண்டுவிழான்னாலே சூப்பர்ஹீரோதான் கேக்கறாங்க. எங்கிட்ட அந்த வகைல 31 உடுப்பு தொங்குது. பொண்ணுங்களுக்குன்னு இருக்கறது 4. அந்த நாலும் வெளியூர்ல மொத்தமா வாங்குன ரெடிமேடு.

போன வாரம் ஏற்காட்டுல காப்பித் தோட்டத்து வேலைக்குப் போற ஒரு அம்மா, பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. பாப்பாவுக்கு 8 வயசு. 20 கொண்டை ஊசி வளைவு எறங்குனதுல வழியெல்லாம் வாந்தி எடுத்து முகம் வெளுத்துக் கெடந்துச்சு. ஆனா உடுப்பு மாட்டியிருக்கற கம்பியைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுருச்சு. ஸ்பைடர்மேனோட பொம்பளப்புள்ள செட்டை எடுத்துப் போட்டு விட்டேன். செவப்பு ஃப்ராக், கீழ நெட் துணி வெச்சது. பாப்பா சிலம்பம் கத்துக்குதாம். போட்டதும் காலைத் தூக்கி ஒரு உதை விட்டுப் பாத்துச்சு. முட்டிக்கு மேல போகல, நெட் இழுத்துப் புடிச்சுக்கிச்சு. "ஆன்ட்டி, இது ஸ்பைடர்மேனோட தங்கச்சி டிரெஸ்ஸா?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் வரல.

பையன் உடுப்பைப் போட்டா, நெஞ்சுக்குன்னு பஞ்சு வெச்ச எடம் புள்ளைக்கு வயித்துல வந்து நிக்குது. சரி, பிளாக் விடோ தைச்சுத் தர்றேன்னு சொன்னேன். "அவங்க செத்துட்டாங்க. அயர்ன் மேன் செத்ததுக்கு எல்லாரும் வந்து நின்னாங்க. அவங்களுக்கு அப்படி யாரும் வரல. வேண்டாம்"னு சொல்லிருச்சு.

அன்னிக்கு ராத்திரி பையனோட ஃபோன்ல அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் படத்தைத் திரும்பப் போட்டுப் பாத்தேன். புள்ள சொன்னது நெசம். ஏரிக்கரைல நாலஞ்சு பேர் நின்னு பேசற ஒரு காட்சி, அவ்வளவுதான். 2010-ல அயர்ன் மேன் 2-ல அறிமுகமான பொண்ணு, 2019-ல சாகறா. அவளுக்குன்னு தனிப்படம் வந்தது 2021-ல, செத்து 2 வருஷம் கழிச்சு.

காமிக்ஸ் படிக்கறவங்க, அதுல நெறைய பொண்ணுங்க இருக்காங்கன்னு சொல்றீங்களே, படத்துக்கு வரும்போது எங்க போயிடறாங்க? யாரைத் தைக்கலாம்? கையில 12 நாள் இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை பழைய புத்தகம்

தங்கச்சி, எனக்கு 59 வயசு. முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வீட்டு மச்சில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. நீங்கள் கேட்டது 40 வருஷமாக என் மனதில் கிடக்கிற கேள்வி.

1984-ல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே ஒரு பெண்ணின் கதைதான், மாடஸ்டி. சூப்பர்ஹீரோ இல்லை, பறக்க மாட்டாள். ஆனால் முடிவெடுப்பவள் அவள், கூட இருக்கிற வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவான். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். இரண்டு பேருக்கும் நடுவே காதல் கிடையாது. ஒருவர் உயிரை இன்னொருவர் கையில் கொடுக்கிற நம்பிக்கை மட்டும்தான். 1963-ல் லண்டன் நாளிதழில் தொடராக ஆரம்பித்த இந்தக் கதையை 1966-லேயே படமாக எடுத்துவிட்டார்கள். எழுதிய பீட்டர் ஓ'டோனல் கொடுத்த திரைக்கதையை மாற்றி, கிண்டல் படமாக்கி, இரண்டு பேரையும் காதல் டூயட் பாட வைத்தார்கள். கதையின் உயிரே அந்த உறவுதான். முதலில் அதில்தான் கை வைத்தார்கள்.

அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ குழுவின் முதல் இதழ் 1963. அதில் சேர்ந்த 5 பேரில் ஒருத்தி வாஸ்ப். குழுவுக்கு அந்தப் பெயரைச் சொன்னதே அவள்தான். 2012-ல் படம் வந்தபோது அவள் இல்லை. வாஸ்ப் என்ற பெயர் படத் தலைப்பில் வர 2018 ஆனது, அதுவும் ஆன்ட்-மேனுக்குப் பின்னால். இன்னொன்று, 1981-ல் வந்த எக்ஸ்-மென் கதை. எதிர்காலத்திலிருந்து பின்னோக்கி வந்து உலகத்தைக் காப்பாற்றப் பார்ப்பவள் கிட்டி பிரைட் என்ற பெண். அதை வைத்து 2014-ல் எடுத்த படத்தில் போவது வோல்வரின் என்ற ஆண். கிட்டி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அவனை அனுப்பி வைக்கிறாள். வேலை அவளுடையது, பயணம் மட்டும் அவனுக்குப் போய்விட்டது. அந்தப் படம் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மலைக்காத்து

அக்கா, நான் ஏற்காடு பொண்ணு, சேலத்துல விஸ்காம் படிக்கிறேன். ஃப்ராக் எங்கிருந்து வருதுன்னு நான் சொல்றேன். பொம்மைக் கடைல எது விக்கும்ங்கற கணக்குதான் படத்துக்கே போகுது.

அயர்ன் மேன் 3 எடுத்த ஷேன் பிளாக் 2016-ல ஒரு பேட்டியில வெளிப்படையாவே சொன்னார். முதல்ல எழுதுன கதைல வில்லன் ஒரு பெண். பெண் பொம்மை விக்காதுன்னு மேலிருந்து சொன்னதால ஆணா மாத்திட்டாங்க. 2015-ல வந்த அவெஞ்சர்ஸ் ஏஜ் ஆஃப் அல்ட்ரான் படத்துல விமானத்துலருந்து பைக்கோட கீழ குதிக்கறது பிளாக் விடோதானே? அந்தக் காட்சிக்கு வந்த பொம்மை செட்ல பைக் மேல கேப்டன் அமெரிக்காவை உக்கார வெச்சிருந்தாங்க. பொம்மையே செய்யாம, பொம்மை விக்கலைன்னு சொல்றது என்ன நியாயம்?

உடுப்புன்னு பாத்தா உங்களுக்கு கேப்டன் மார்வெல் புடிக்கும். அவளோட நெசப் பேரு கேரல் டான்வர்ஸ். அவளுக்கு ரொம்ப வருஷம் நீச்சல் உடை மாதிரி கருப்புத் துணி, இடுப்புல ஒரு செவப்புத் துண்டு, கால் முழுக்க தெரியும். 2012-ல கெல்லி சூ டிகானிக் எழுத வந்தப்ப, ஜேமி மெக்கெல்வி புதுசா வரைஞ்சு குடுத்தார். அவ விமானப்படைக்காரி, அதனால விமானி போடற மாதிரி முழுக்கை, முழுக்கால். 2019 படத்துல வந்ததும் அந்த வழிதான். உடுப்பு மாறுனதும் அவ நிக்கற நிலையே மாறிப்போச்சு, வரைஞ்ச பக்கங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

வொண்டர் வுமனோட தீவுல வாழற அமேசான் போர்ப்பெண்கள் கதையும் அப்படித்தான். 2017-ல பேட்டி ஜென்கின்ஸ் எடுத்த வொண்டர் வுமன்ல உடம்பை மூடுன தோல் கவசம். அதே வருஷம் நவம்பர்ல வந்த ஜஸ்டிஸ் லீக்ல, அதே தீவுக்காரங்கள்ல சில பேருக்கு வயிறு தெரியற உடுப்பு. 5 மாசத்துல அந்தத் தீவுல என்ன ஆச்சு?

ஆனா என்னைக் கேட்டா கமலா கானைத் தைங்க. ஜெர்சி சிட்டியில வளர்ற பாகிஸ்தானி வீட்டுப் பொண்ணு, 2014-ல சொந்த இதழ் வந்துச்சு. 2022-ல வந்த மிஸ் மார்வெல் தொடர்ல அவ சூப்பர்ஹீரோ உடுப்பைத் தைச்சுத் தர்றது அவ அம்மா. 2023-ல தி மார்வெல்ஸ் படத்துலயும் அவ வர்றா. நீல குர்தா மாதிரி மேல, நெஞ்சுல மின்னல், செவப்பு துப்பட்டா. கையில பாட்டி வழில வந்த வளையல்.

அஞ்சு ரோடு முதல் காட்சி

எல்லாரும் சொல்றது சரி. ஆனா காசு போட்டவன் பக்கமும் ஒரு வார்த்தை பேசணும். 2004-ல கேட்வுமன் ஓடல, 2005-ல எலெக்ட்ரா ஓடல. அந்தத் தங்கச்சி சொன்ன தி மார்வெல்ஸும் ஓடல. நான் எல்லாத்தையும் தியேட்டர்ல பாத்தவன். கடைசிப் படத்துக்கு என் வரிசைல நான் மட்டும்தான். ஜனம் வரலைன்னா யார் எடுப்பாங்க?

மலைக்காத்து

அண்ணா, 2004 கேட்வுமன்ல வந்தது கேட்வுமனே இல்ல. காமிக்ஸ்ல அவ செலீனா கைல், 1940-லருந்து இருக்கறவ. படத்துல பேஷன்ஸ் பிலிப்ஸ்னு புதுசா ஒருத்தி, அழகு கிரீம் கம்பெனியோட சண்டை. அந்தப் படம் தோத்தா அது செலீனாவோட தப்பா? வொண்டர் வுமன் 80 கோடி டாலரைத் தாண்டுச்சு, கேப்டன் மார்வெல் 110 கோடியைத் தாண்டுச்சு. தி மார்வெல்ஸ் ஓடலைங்கறது உண்மை, நான் மறுக்கல.

அம்மாபேட்டை தையல்கடை

அண்ணா, உங்க பேச்சுல நியாயம் இருக்கு, நானும் உடுப்பை வாடகைக்கு விட்டுப் பொழைக்கறவதான். போன வருஷம் 2 பேட்மேன் உடுப்பு தைச்சேன். கேப் மட்டும் 3 மீட்டர் சாட்டின். ஒரு தடவைகூட வெளிய போகல. அதுக்காகப் பையன் உடுப்பே இனிமே தைக்கறதில்லைன்னு முடிவு பண்ணல. அடுத்த மாசம் வேற ஒண்ணு தைச்சேன். பொண்ணுங்க உடுப்புன்னா மட்டும் ஒண்ணு நின்னுபோனதும் கத்திரியை மடக்கி வெச்சுடறாங்க. அதுதான் எனக்கு வலிக்குது.

செவ்வாய்ப்பேட்டை அண்ணா, நீங்க சாப்பிடாம படுத்தீங்கன்னு சொன்னதை எங்க வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

பாப்பாவோட அம்மாவுக்கு ஃபோன் போட்டு ரெண்டு உடுப்போட படத்தையும் அனுப்பினேன். கேப்டன் மார்வெல் உடுப்பு பாப்பாவுக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா கமலா கதையைச் சொன்னதும், "அவங்க அம்மாவே தைச்சாங்களா?"ன்னு 2 தடவை கேட்டுச்சாம். அப்புறம் வேற எதையும் பாக்கல.

நேத்து வெட்டிட்டேன். மேல நீல லைக்ரா, கீழ செவப்பு. சிலம்பக்காரப் புள்ளைங்களுக்குத் தைக்கற மாதிரியே ரெண்டு காலும் சேர்ற எடத்துல சாய்சதுரமா ஒரு துண்டு சேர்த்திருக்கேன், இப்ப கால் தலைக்கு மேல போகும். மின்னலுக்கு மஞ்சள் ரெக்சின். துணி இழுபடும்போது ரெக்சின் இழுபடாது, அதனால மூணு துண்டா வெட்டி நடுவுல இடைவெளி விட்டு ஒட்டணும். பஞ்சு எங்கயும் வைக்கல.

துப்பட்டா மட்டும் பாக்கி. ஓரம் மடிச்சுத் தைக்கறதை அவங்க அம்மாவே செய்யணும்னு பாப்பா சொல்லிருச்சு. தோட்டத்துல ஞாயித்துக்கெழமை லீவு, காலைல 7 மணி பஸ்ல எறங்கி வர்றாங்களாம். மிஷின்ல உக்காந்து பழக்கம் இல்ல, கையாலயே தைக்கறேன்னாங்க. நூல் எடுத்து வெச்சுட்டேன்.