கம்ப்யூட்டரில் தெர்மல் பேஸ்ட் மட்டும் மாற்றினால் போதுமா, கூலரும் மாற்ற வேண்டுமா?

நண்பர்களே, ஒரு உதவி. என்னுடையது ஏஎம்4 சாக்கெட் (ஏஎம்டி பிராசசர் பொருத்தும் இடம்), 65 வாட் பிராசசர், அதைக் குளிர்விக்கக் கூடவே வந்த சின்னக் கூலர்தான் நாலு வருஷமாக ஓடுகிறது. இப்போது வீடியோ ரெண்டர் போட்டால் ஐந்தே நிமிடத்தில் 90 டிகிரியைத் தொட்டு வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது, வேலையே நடக்கவில்லை. தூசி எல்லாம் தட்டியாயிற்று, கேஸின் பக்கக் கதவைத் திறந்து வைத்தும் பார்த்தேன், மூன்று நாலு டிகிரிக்கு மேல் இறங்கவில்லை.

பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். புதிதாகப் பூசினால் மட்டும் போதுமா, இல்லை டீப்கூல் ஏகே400 மாதிரி 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலருக்கே போய்விடலாமா? அதன் உயரம் 155 மில்லிமீட்டர், என் கேஸில் 160 வரை இடம் இருக்கிறது.

அப்புறம் ஒரு பயம். பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரைத் தூக்கும்போது பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடுமாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடானதும் அணைத்து, மெல்லத் திருகிக் கழற்றினால் சரியாக வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.