ஸ்பொன்சர் கடிதத்துக்கு 2500 டொலர் கேக்கினம், குடுக்கலாமோ?

ஸ்காபரோ_புதுசு:
வணக்கம், அவசரம். கனடா ஒன்டாரியோவில எலெக்ட்ரீசியன் அப்ரண்டிஸா, அதாவது வேலை செய்துகொண்டே தொழில் பழகிற ஆளாப் பதியோணும். ஒருத்தர் 2500 டொலர் தந்தா ஸ்பொன்சர் கடிதம் எடுத்துத் தாறன் எண்டுறார். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லட்டாம். இப்ப ஒரு முதலாளியோட வயர் இழுக்கிறன், சம்பளம் கையில. இந்த மணித்தியாலங்கள் கணக்கில சேருமோ?

பனிச்சப்பாத்து:
தம்பி, முதல் சப்பாத்தைப் பாருங்கோ. சிஎஸ்ஏ எண்ட கனடாத் தரக் குறி, அந்தப் பச்சை முக்கோணம் மட்டும் காணாது, மின்வேலைக்கு ஆரஞ்சு ஒமேகா குறியும் இருக்கோணும். கம்பளி மேசுக்கு இடம் விட்டு ஒரு அளவு பெரிசா எடுங்கோ. ஹீட்டர் இல்லாத கட்டடத்தில பெப்ரவரி மாசம் விரல் விறைச்சா ஸ்க்ரூவே பிடிபடாது. முதல் குளிரோட விட்டுட்டுப் போறவைதான் கனபேர்.

மரத்தச்சன்:
ஏன் எல்லாரும் எலெக்ட்ரிக்கலுக்கே ஓடுறியள்? ஜெனரல் கார்பென்டர், தொழில் குறியீடு 403ஏ, பழக 7200 மணித்தியாலம். உங்கட எலெக்ட்ரீசியன், 309ஏ, அதுக்கு 9000. கார்பென்டர் கட்டாயத் தொழில் இல்லை, பதியாமலும் நாளைக்கே வேலை தொடங்கலாம்.

மீட்டர்பெட்டி:
அதாலதானே சுத்தியல் வைச்சிருக்கிற ஆரும் குறைஞ்ச சம்பளத்துக்கு வந்து நிக்கினம்.

கோவைக்காரன்:
ஊர்ல ஐடிஐ முடிச்சிருந்தா அப்ரண்டிஸே வேண்டாம்ங்க. டிரேட் ஈக்விவலென்சி அசெஸ்மென்ட்னு பழைய அனுபவத்தை மதிப்பிடுற விண்ணப்பம் போட்டு நேரா பரீட்சை எழுதிடலாம்.

மீட்டர்பெட்டி:
ஐடிஐ சான்றிதழ் மட்டும் காட்டினா எடுபடாது. எந்த வேலை, எத்தினை மணித்தியாலம் எண்டு பழைய முதலாளிமாரின்ர கடிதம் வேணும். கனேடியன் எலெக்ட்ரிக்கல் கோட் படிக்காமப் போனா 70 வீதம் எடுக்கேலாது. ஊரில 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்க வீட்டுக்கு 120/240, 60 ஹெர்ட்ஸ்.

கோவைக்காரன்:
எல்லாத்துக்கும் ஒரு தடை வெச்சிருக்காங்க. அப்ரண்டிஸுக்கு மத்திய அரசு குடுத்த மானியத்தையும் 2025 மார்ச்சோட நிறுத்திட்டாங்க. இப்ப வட்டியில்லாக் கடன்தான், ஒரு வகுப்புக் காலத்துக்கு 4000 டாலர் வரைக்கும்.

பனிச்சப்பாத்து:
வாடகை ஏறுது, மானியம் இறங்குது. ஆரைக் கேக்கிறது?

காப்புக்குழாய்:
தம்பி கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. காசு குடுக்காதேங்கோ. ஸ்பொன்சர் எண்டது உங்களுக்கு வேலை தந்து பழக்கிற முதலாளி, இல்லாட்டி யூனியன். வேலை இல்லாத கடிதத்துக்கு ஆர் கையெழுத்து வைச்சுத் தாறது?

309ஏ கட்டாயத் தொழில். சான்றிதழோ அப்ரண்டிஸ் பதிவோ இல்லாம வயர் இழுக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் வந்தா உங்களுக்கும் முதலாளிக்கும் பிரச்சினை. முதலாளியிட்ட இசிஆர்ஏ/இஎஸ்ஏ எண்ட மின் கொன்ட்ராக்டர் லைசன்ஸ் நம்பரைக் கேளுங்கோ. வேலை வாகனத்திலயும் விளம்பரத்திலயும் போட்டிருக்கோணும். எலெக்ட்ரிக்கல் சேஃப்டி அதோரிட்டியின்ர இணையத்தில தேடிப் பார்க்கலாம். நம்பர் இல்லாட்டி அவரிட்ட உங்கட மணித்தியாலத்தைச் சேர்க்க வழியில்லை, இண்டைக்கே வேற இடம் பாருங்கோ.

லைசன்ஸ் இருந்தா ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோ எண்ட தொழில் பதிவு அமைப்பில விண்ணப்பம் போடுங்கோ. அதில ஸ்பொன்சரின்ர விபரம் கேப்பினம். பிறகு ரெண்டு பேரும் பயிற்சி ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கோணும். ஒரு அப்ரண்டிஸுக்குச் சான்றிதழ் உள்ள ஒரு எலெக்ட்ரீசியன் எண்ட விகிதம் அங்க இருக்கோணும். சின்னக் கம்பனியள் கனக்க இதிலதான் மறுக்கிறது.

9000த்தில 840 வகுப்பு, மூண்டு கட்டமா. வகுப்புக்குப் போற கிழமையளில ஈஐ, அதாவது வேலையில்லாக் காப்புறுதிக் காசு எடுக்கலாம், ஆனா அதுக்குச் சம்பளத் துண்டில ஈஐ கழிச்ச வேலை வேணும். கையில காசு வாங்கினா அதுவும் போச்சு. பழகின வேலையைப் பதியிற லொக்புக்கில ஒவ்வொரு திறனுக்கும் அப்பப்ப கையெழுத்து வாங்குங்கோ. கம்பனி மூடினாப் பிறகு ஆளைப் பிடிக்கேலாது.

நீங்கள் பிஆரோ (நிரந்தர வதிவிடம்), வேலை பெர்மிட்டோ? அதைச் சொல்லேல்லையே.

ஸ்காபரோ_புதுசு:
மனுசி படிக்கிறா, நான் ஓப்பன் வேர்க் பெர்மிட், எந்த முதலாளியிட்டயும் வேலை செய்யலாம். முதலாளியிட்ட லைசன்ஸ் நம்பர் கேட்டன், சிரிச்சுக்கொண்டு கதையை மாத்துறார்.

காப்புக்குழாய்:
அப்ப பதில் கிடைச்சிட்டுது. ஓப்பன் பெர்மிட்டோட பதியலாம். உங்கட சின் (சமூகக் காப்புறுதி) நம்பர் 9இல தொடங்கும், பெர்மிட் முடியிற நாளோட அதுவும் முடியும். ரெண்டையும் முன்கூட்டியே புதுப்பியுங்கோ. வேர்க்கிங் அட் ஹைட்ஸ் எண்ட உயரத்தில வேலை செய்யிற பாதுகாப்புப் பயிற்சியை இந்தக் கிழமையே முடியுங்கோ, மூண்டு வருசம் செல்லும். பிறகு லைசன்ஸ் உள்ள கொன்ட்ராக்டர்மாரின்ர பட்டியலை எடுத்து, காலமை ஏழு மணிக்கு முன்னம் ரெசுமேயோட அவையின்ர கம்பனி வாசலில நில்லுங்கோ. ஏழுக்குப் பிறகு எல்லாரும் சைட்டில.