டவர் வைத்த வேக்போர்டு படகுக்கு ஷெட்: ஷட்டர் எத்தனை அடி வைப்பது?

பின்கட்டுவாசி:

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானை அடுத்த ஊரில், எங்கள் ஐயா கட்டிய வீட்டின் பின்புறத்தில் படகு நிறுத்த ஒரு ஷெட் போட இருக்கிறோம். தங்கை மகன் பழைய வேக்போர்டு படகு (பலகையில் நிற்பவரைக் கயிற்றால் பின்னால் இழுத்துச் செல்லும் விளையாட்டுப் படகு) ஒன்றை டிரெய்லரோடு வாங்கியிருக்கிறான். கோடையில் தொண்டிப் பக்கம் கடலில் ஓட்டுவது, வடகிழக்குப் பருவமழையில் பாக் விரிகுடா கொந்தளிக்கத் தொடங்கும் முன் திருவாடானை வழியாக ஊருக்கு இழுத்து வந்து பங்குனி வரை நிறுத்தி வைப்பது என்பது அவன் திட்டம்.

இந்த வகைப் படகைப் பார்க்காதவர்களுக்காக: படகின் நடுவில், முன்கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால், அலுமினியக் குழாயாலான ஒரு வளைவு பந்தல்கால் போல நிற்கும். அதைத்தான் டவர் என்கிறார்கள். இழுகயிற்றை அதன் உச்சியில் கட்டுவதால் இழுப்பு மேலிருந்து வருகிறது. பலகையில் நிற்பவர் அலையில் எம்பிக் குதிக்க அதுவே வசதி. ஷெட் போடுபவருக்கு அதுவே தலைவலி.

டிரெய்லரில் ஏற்றிய நிலையில் நான் அளந்த அளவுகள் இவை. டவர் நிமிர்ந்திருக்கும்போது தரையிலிருந்து உச்சி வரை 9 அடி 3 அங்குலம். அதன்மேல் துணிக்கூரையை விரித்தால் 9 அடி 9 அங்குலம். டவரை முன்பக்கமாக மடக்கிவிட்டால் 7 அடி 4 அங்குலம். படகின் அகலம் 8 அடி 2 அங்குலம். டிரெய்லரின் கொக்கியிலிருந்து சக்கரம் வரை சுமார் 15 அடி, டவர் சக்கரத்துக்கு 3 அடி முன்னால் இருக்கிறது.

வழி பின்தெருவிலிருந்துதான். எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை என்பது உங்களுக்குத் தெரியும். பின்வாசலில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வளைவு கேட் இருக்கிறது. அகலம் 10 அடி, வளைவு 5 அடி உயரத்தில் தொடங்குகிறது, நடு உச்சி 10 அடி. தெருவுக்குத் திரும்பத் திரும்ப ரோடு போட்டு, இப்போது எங்கள் தோட்டத்துத் தரை தெருவைவிட ஒன்றரை அடி பள்ளத்தில் கிடக்கிறது. ஆகவே கேட்டிலிருந்து ஷெட் வாசல் வரையுள்ள 12 அடியும் சரிவுதான்.

காண்ட்ராக்டர் 8 அடி ஷட்டர் தாராளம் என்கிறார். “லாரியா நிறுத்தப் போகிறீர்கள்?” என்று வேறு கேட்டுவிட்டார். டவரை மடக்கினால் 7 அடி 4 அங்குலம்தானே, 8 அங்குலம் மிச்சம் இருக்கிறதே என்பது அவருடைய கணக்கு. 8 போதுமா, 10 வைக்க வேண்டுமா?

ஷட்டர்பட்டறை:

காரைக்குடியில் பல ஆண்டுகளாக ஷட்டர் அடிக்கும் பட்டறையில் இருக்கிறேன். 8 அடி ஷட்டர் என்று நாங்கள் சொல்வது சுவரில் விட்ட திறப்பின் உயரம். ஷட்டரை முழுவதும் ஏற்றிய பிறகும் அதன் அடிப்பட்டை, பூட்டு, கைப்பிடி எல்லாம் திறப்பின் மேல் உத்தரமான லிண்டலுக்குக் கீழே தொங்கிக்கொண்டுதான் நிற்கும். அவையும் மேலே போய்விட்டால் தகடு பக்கவாட்டுக் காடியிலிருந்து கழன்றுவிடும். அதற்கு 4 அங்குலம் தள்ளுங்கள். ஆக 8 அடி ஷட்டரில் வண்டி போக உண்மையில் கிடைப்பது 7 அடி 8 அங்குலம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. சுருள் எங்கே உட்கார்கிறது என்பதைக் கேட்காமலே சுவரை எழுப்பி முடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார்கள். மேலே இடம் இல்லாவிட்டால் சுருளைத் திறப்புக்குள்ளேயே இறக்கித்தான் மாட்ட வேண்டியிருக்கும். அப்போது ஓரடிக்கு மேல் போய்விடும். லிண்டலுக்கு மேலே, உள்பக்கச் சுவரில், ஒன்றரை அடி வெற்றிடம் விட்டு அதற்கு மேல் கூரையைத் தொடங்கச் சொல்லுங்கள். 9 அடிக்கு மேல் போனால் கையால் தூக்கும் ஷட்டர் வேண்டாம், சங்கிலி வைத்த கியர் ஷட்டர் போடுங்கள்.

எட்டாத உயரம் வேண்டுமென்றால் ஷட்டரே வேண்டியதில்லை, இரட்டை இரும்புக் கதவு போட்டு மேலே லிண்டல் இல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் தரையில் இறங்கும் தாழ்ப்பாளைக் கனமாகப் போட வேண்டும். அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்றில் 11 அடித் தகரக் கதவு என்ன பாடு படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கரையோரம்:

இப்படிப்பட்ட படகு ஒன்றை மூன்று ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மடக்கிய உயரத்தை நம்பி வாசல் வைப்பதற்கு முன், மடக்குவது என்ன வேலை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் துணிக்கூரையைக் கழற்ற வேண்டும். பிறகு இருபுறமும் ஆளுக்கொருவர் நின்று, கீல்களில் உள்ள திருகுகளைத் தளர்த்தி, இருவரும் ஒரே நேரத்தில் தாங்கி இறக்க வேண்டும். ஒருவர் கை நழுவினால் முன்கண்ணாடி போய்விடும். விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் போகும் ஒயர்கள் டவர் குழாய்க்குள்தான் ஓடுகின்றன. மடங்கும் இடத்தில் அவை நசுங்கிவிட்டால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும்.

உப்பையும் மறக்க வேண்டாம். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட், அதன்மேல் கடல் நீர் என்றால் அலுமினியம் அரித்துப்போய் இரண்டும் இறுகிவிடும். முதல் ஆண்டு எங்கள் டவரின் இடது கீல் அப்படித்தான் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் இறங்க, இடது பக்கம் நின்றபடி, டவர் கோணிக்கொண்டு இருந்ததை மழையில் நனைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். கடலிலிருந்து ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கீலில் கிரீஸ் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் அளவுகளை எந்த நிலையில் எடுத்தீர்கள்? அலையைப் பெரிதாக்குவதற்காகப் படகுக்குள் நீர் நிரப்பும் தொட்டிகள் இருக்கும். அவை நிறைந்திருந்தாலோ, டிரெய்லர் டயரில் காற்று குறைவாக இருந்தாலோ படகு தாழ்ந்து நிற்கும். தொட்டிகளைக் காலி செய்து, டயரில் முழுக் காற்று அடித்து, மறுபடி அளங்கள். அதுதான் உங்கள் படகின் உண்மையான அதிகபட்ச உயரம். டவரின் இரு பக்கமும் பலகை செருகும் தாங்கிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அகலத்தை அளங்கள். அதை நீங்கள் எழுதவில்லை.

ரசமட்டம்:

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கட்டடப் பொறியாளன் நான். நண்பர்கள் ஷட்டரைப் பற்றியும் மடக்குவதைப் பற்றியும் சொன்னவை சரி. ஆனால் கேள்வி கேட்டவர் ஷெட் வாசலைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார். அதற்கு முன்னால் அவருடைய ஐயா கட்டிய கேட் நிற்கிறது.

உச்சி 10 அடி, டவர் 9 அடி 3 அங்குலம், ஆகவே நுழைந்துவிடும் என்று நினைப்பது தவறு. அகலம் 10 அடி, வளைவு 5 அடியில் தொடங்கி 10 அடியில் முடிகிறது என்றால் அது அரைவட்டம், ஆரம் 5 அடி. 8 அடி உயரத்தில், அதாவது வளைவு தொடங்கும் இடத்துக்கு 3 அடி மேலே, நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு 4 அடிதான் கிடைக்கும். மொத்த அகலம் 8 அடி. 9 அடி உயரத்தில் ஒரு பக்கத்துக்கு 3 அடி, மொத்தம் 6 அடி. டவரின் மேற்பகுதி பொதுவாக 7 அடி அகலமாவது இருக்கும். உச்சி இடிக்காது, தோள் இடிக்கும். மடக்கினால் நிலைமை வேறு. 7 அடி 4 அங்குல உயரத்தில் வளைவின் அகலம் ஏறத்தாழ 8 அடி 10 அங்குலம். 7 அடி அகல டவருக்கு இருபுறமும் 11 அங்குலம் மிஞ்சும். தாங்கிகளைக் கழற்றாவிட்டால் அந்த மிச்சமும் கரைந்துவிடும்.

அடுத்தது சரிவு. பின்பக்கமாகத் தள்ளி நிறுத்தும்போது டவர் ஷெட் வாசலைக் கடக்கும் நேரத்தில் டிரெய்லர் சக்கரம் 3 அடி உள்ளே சமதளத்தில் இருக்கும். கொக்கி 12 அடி வெளியே, அதாவது கேட் அருகில், ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். கொக்கி 18 அங்குலம் உயர்ந்தால், 15 அடியில் 3 அடி தள்ளியிருக்கும் டவர் அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ மூன்றரை அங்குலம் உயரும். 4 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 7 அடி 4 அங்குலத்தோடு 4 சேர்த்தால் 7 அடி 8 அங்குலம். ஷட்டர்பட்டறை நண்பர் சொன்ன கணக்கில் 8 அடி ஷட்டரில் கிடைப்பதும் 7 அடி 8 அங்குலம். காண்ட்ராக்டர் தாராளம் என்று சொன்னதில் ஒரு நூல்கூட மிச்சமில்லை. சமதளத்தில் அளந்த படகைச் சரிவில் தள்ளும்போது இதுதான் நடக்கும். கேட்டில் மட்டும் இதே சரிவு உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் அங்கே சக்கரம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அடுத்த முறை ரோடு போடும்போது வளைவு இன்னும் சில அங்குலம் குட்டையாகிவிடும்.

டவரை நிமிர்த்தியே உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால் துணிக்கூரையோடு 9 அடி 9 அங்குலம், சரிவுக்கு 4, கைத்தவறுக்கு 6, ஷட்டரின் அடிப்பட்டைக்கு 4 என்று சேர்த்து 11 அடித் திறப்பு வேண்டும். அதற்கு வளைவை இடிக்க வேண்டும், அல்லது பக்கத்தில் மதிலைத் திறக்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டுமானத்தில் வளைவை மட்டும் வெட்டி உயர்த்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முட்டுக் கொடுக்காமல் கை வைத்தால் இரண்டு தூண்களும் வெளியே சாயும்.

உள்ளே ஆத்தங்குடிக் கல் பதிக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். வெறுங்காலுக்கு அதைப்போல் சுகமான தரை கிடையாது, ஆனால் இரண்டரை டன் படகைத் தாங்கும் டிரெய்லரின் முன்சக்கரம் ஒரே கல்லில் ஊன்றி நிற்கும். கம்பி கட்டிய கான்கிரீட்தான் சரி. தரை பள்ளத்தில் இருப்பதால் ஷட்டருக்கு வெளியே குறுக்கே ஒரு வடிகாலும் கம்பி மூடியும் வையுங்கள்.

பின்கட்டுவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தொட்டியைக் காலி செய்து, டயரில் காற்று அடித்து அளந்தோம். ஒவ்வோர் உயரமும் ஓர் அங்குலம் கூடிவிட்டது. பலகைத் தாங்கிகளோடு டவரின் அகலம் 8 அடி 6 அங்குலம்.

வளைவை இடிக்க அப்பத்தா சம்மதிக்க மாட்டார்கள். சொல்லப்போனால் எனக்கும் மனமில்லை. படகு வீட்டுக்கு வருவதும் போவதும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதால், மடக்கியே கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. மடக்கித்தான் நுழையும் என்றால் வாசலை 9 அடியாக வைத்துவிட்டு, கூரையையும் அதற்கேற்பத் தாழ்த்திச் செலவைக் குறைக்கலாமா?

கரையோரம்:

கூடாது. வாசலைத் தாழ்த்துங்கள், கூரையைத் தாழ்த்தாதீர்கள். டவர் ஐந்து மாதம் மடங்கியே கிடந்தால் ஒயரும் கீலும் கெடும், இருக்கைகளைத் தூக்கித் துடைக்கவோ இன்ஜினைப் பார்க்கவோ படகுக்குள் நிமிர்ந்து நிற்கவும் முடியாது. உள்ளே கொண்டுபோய் நிறுத்தியதும் டவரை மறுபடி நிமிர்த்திவிடுங்கள். அதற்குக் கூரையின் அடிக்குழாய் வரை 11 அடி வேண்டும். படகு நிற்கும் இடத்துக்கு நேர் மேலே மின்விசிறி மாட்டாதீர்கள்.

ரசமட்டம்:

ஒப்புக்கொள்கிறேன். கூடவே, லிண்டலை இப்போதே 11 அடியில் போட்டு, 9 அடிக்கு மேல் உள்ள இடைவெளியைக் கழற்றக்கூடிய தகரத்தால் மூடிவிடுங்கள். 9 அடி ஷட்டரில் 8 அடி 8 அங்குலம் கிடைக்கும். சரிவையும் சேர்த்து மடக்கிய படகுக்கு 7 அடி 9 அங்குலம் போதும். நாளை மதிலில் வேறு வழி திறந்தாலோ உங்கள் தங்கை மகன் வேறு படகு வாங்கினாலோ தகரத்தைக் கழற்றினால் போதும், சுவரை உடைக்க வேண்டாம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் மூங்கிலில் மாதிரி கட்டி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பின்கட்டுவாசி:

மூங்கிலில் சட்டம் கட்டி ஓட்டிப் பார்த்தோம். மடக்கிய டவரின் அளவுக்கு, தாங்கிகளைக் கழற்றிய 7 அடி அகலத்தில் ஒன்று; தாங்கிகளோடு 8 அடி 6 அங்குலத்தில் இன்னொன்று. மாட்டுவண்டியின் பாரில் நிறுத்திக் கட்டி, கொத்தனாரும் நானும் பின்பக்கமாகத் தள்ளினோம். முதல் சட்டம் தொடாமல் போனது. இரண்டாவது சட்டம் வலப்பக்கம் தப்பியது, இடப்பக்கம் வளைவின் தோளில் உரசி ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டது. ஏணி வைத்து அளந்தால் இடது தோள் வலதைவிட இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. வீடு கட்டிய காலத்திலேயே அப்படியா, பிறகு தூண் அமர்ந்ததா என்று கொத்தனாராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே தாங்கிகளைத் தொண்டியிலேயே கழற்றிவிட்டுத்தான் வண்டி கிளம்பும். ஷட்டர் 9, லிண்டல் 11, கூரையின் அடிக்குழாய் பன்னிரண்டரை அடி என்று காண்ட்ராக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசிவிடலாம் என்றார்; சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.