பச்சைத் தண்ணீர் குடித்தாலும் ஊதும் உடம்பா? பிள்ளைகளின் எடைக் குறைப்பு: உங்கள் அனுபவங்கள்

திருச்சி, பத்து வயது மகளின் அம்மா:

"தைராய்டு பாருங்கள்" என்று சொல்லாத உறவினர் இல்லை. பார்த்தோம். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு ஆறைத் தாண்டியிருந்தது, இயல்பைவிடக் கொஞ்சம் அதிகம். மாமியாருக்கு ஏக நிம்மதி. மாத்திரை போட்டால் பேத்தி இளைத்துவிடுவாள், நெய் தோசையை யாரும் குறை சொல்ல முடியாது! ஹார்மோன் மருத்துவரோ அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, மகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்தார். வகுப்பிலேயே உயரமானவள் அவள். "தைராய்டு உண்மையிலேயே சுரக்காமல் போயிருந்தால் பிள்ளை வளராமல் குட்டையாக நின்றிருப்பாள். எடை கூடியதால்தான் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்றார். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் அளவும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற பரிசோதனையும் சரியாக இருந்ததால் மாத்திரை எழுதவில்லை. எடை கட்டுக்குள் வந்த பிறகு மறுபடி பார்த்தபோது அளவு தானாகவே இறங்கியிருந்தது. மாமியார் இன்றுவரை அந்த ஆய்வகத்தைத்தான் சந்தேகிக்கிறார்.

சேலம், ஒரு தாய்மாமன்:

என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. யாரோ கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு காலையில் கஞ்சித் தண்ணீர், மதியம் வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும், இரவு பழம் என்று இருந்தான். முதலில் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு முள் அசையவே இல்லை. மின்விசிறி போட்டால் குளிர்கிறது என்று போர்வையைத் தேடுகிறான். விளையாடப் போனால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறான். சாப்பாட்டை இன்னும் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார் அக்கா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னை, உணவியல் நிபுணர்:

சேலம் அண்ணா, கையெடுத்துக் கும்பிட்டாவது அக்காவைத் தடுத்துவிடுங்கள்.

குண்டாக இருக்கும் பிள்ளைக்கு வளர்சிதை மாற்றம், அதாவது உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம், மந்தம் என்பதே தவறு. படிக்கும் காலத்தில் இதை நேரிலேயே அளந்து பார்த்திருக்கிறோம். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையைப் படுக்க வைத்து, தலைக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு கூண்டைக் கவிழ்த்து, இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கரியமில வாயுவையும் அளப்போம். அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் ஒரு சிறுவனைப் படுக்க வைப்பதுதான் அதில் பெரிய பாடு. ஒல்லிப் பிள்ளையைவிடப் பருமனான பிள்ளைதான் சும்மா படுத்திருக்கும்போதும் அதிக கலோரி செலவழிப்பான். உடம்பு பெரிது, அதைத் தாங்கும் தசையும் அதிகம், அவ்வளவுதான்.

எடை குறைந்தால் அந்தச் செலவும் குறையும். அதில் ஒரு பகுதி இயல்பானது. சிறிய உடம்புக்குச் சிறிய செலவு போதும். பட்டினியாக, வேகமாகக் குறைத்தால் வேறு இரண்டு நடக்கும். கொழுப்போடு தசையும் கரையும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் சரிந்துவிடும். 1994இல் கண்டறியப்பட்ட ஹார்மோன் இது. அது சரிந்தால் மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும், செலவைச் சுருக்கும். உங்கள் மருமகனின் குளிரும் சோர்வும் இதோடு பொருந்துகின்றன. ஆனாலும் இரத்தசோகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழித்தது, எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் பெரியவர்கள், எடுத்ததும் கடுமையான பயிற்சி. அதை அப்படியே பிள்ளைகள் மீது ஏற்றிப் பயப்பட வேண்டாம். பிள்ளைகளிடம் பெரியவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: உயரம். 135 செ.மீ. உயரமும் 42 கிலோவும் உள்ள பிள்ளையின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23. எடையை அப்படியே நிறுத்தி வைத்து, 141 செ.மீ.க்கு வளர்ந்துவிட்டால் அதே பி.எம்.ஐ. 21. ஒரு கிலோகூடக் குறையவில்லை, பாருங்கள்! சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறேன். பதினான்கு வயதில் வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்து, மெதுவாகக் குறைக்கலாம். முட்டை, பருப்பு, சுண்டல், மோர் எதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியது பாட்டில் குளிர்பானமும் பேக்கரி பஃப்ஸும்.

மதுரை, உடற்கல்வி ஆசிரியர்:

ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள். குண்டு எறிதலிலும் கயிறு இழுத்தலிலும் இவர்களை விட்டுப் பாருங்கள், மறுநாள் எனக்கு முன்பே வந்து நிற்பார்கள். மேடம் சொன்ன தசையும் வீணாகாது.

திருச்சி அம்மா:

கழுத்துக் கறுப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கடலை மாவு, எலுமிச்சை என்று தேய்த்துத் தேய்த்து மகளுக்குத் தோல் எரிந்ததுதான் மிச்சம். அது அழுக்கில்லை, இன்சுலின் அதிகமாகச் சுரப்பதன் அடையாளம் என்று அதே மருத்துவர்தான் சொன்னார். இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறது. முழுதாகப் போகுமா?

சென்னை, உணவியல் நிபுணர்:

பெரும்பாலும் மங்கும், ஆனால் தோல் மெதுவாகத்தான் மாறும். எடை சிறிதே இறங்கினாலும் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கிவிடும். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் குறையும். எடை பார்க்கும் இயந்திரத்தில் இவை எதுவும் தெரியாது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரையோடு, கல்லீரல் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.