புது வீடு முழுக்கப் பாட்டுக் கேட்க எந்த ஒயர்? நாளை மறுநாள் கான்கிரீட், அவசரம்

செம்மண்டலம் புதுவீடு | இரவு 9.40

வணக்கம். கடலூரில் வீடு கட்டுகிறோம். ஒரே இடத்தில் பாட்டுப் போட்டால் எல்லா அறையிலும் கேட்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயர் எத்தனை எம்எம் வாங்குவது? எலக்ட்ரீஷியன் 1 போதும் என்கிறார், கடையில் 2.5 என்கிறார்கள். நாளை மறுநாள் கான்கிரீட். காலையில் கடைக்குப் போக வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | 9.52

எத்தனை அறை, எத்தனை ஸ்பீக்கர்? ஆம்ப்ளிஃபையர் எங்கே வைக்கப் போகிறீர்கள்? அங்கிருந்து கடைசி அறைக்கு எத்தனை மீட்டர்? கான்கிரீட் என்பது தரைத்தளக் கூரையா, மாடிக் கூரையா? பால்ஸ் சீலிங் உண்டா? இதெல்லாம் தெரியாமல் ஒயர் அளவு சொல்ல முடியாது.

முத்தியால்பேட்டை | 9.58

ஒயரே வேண்டாம். அறைக்கு ஒரு வைஃபை ஸ்பீக்கர் வைத்துவிடுங்கள், போனிலிருந்தே எல்லாவற்றிலும் ஒரே பாட்டு ஓடும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் கேட்கிறேன். ஒரு சுவரையும் உடைக்கவில்லை.

ஒலிப்பெட்டி | 10.05

இந்தக் கேள்வி மாதம் ஒரு முறையாவது இங்கே வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படித்திருந்தால் பாதி குழப்பம் தீர்ந்திருக்கும். ஒயர் தடிமன் கடைசிக் கேள்வி. எட்டு ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் நான்கைப் பேரலலாகச் சேர்த்துக் கொடுத்தால் ஆம்ப்ளிஃபையர் பார்ப்பது வெறும் 2 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்காது, சூடேறி நிற்கும் அல்லது வெடிக்கும். முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

தீர்வு 100 வோல்ட் லைன். கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் முப்பது ஸ்பீக்கர் ஓடுவது அந்த முறையில்தான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 10 வாட்டில் வைத்தால் லைனுக்கு அது 1000 ஓம் போலத் தெரியும், ஒயரில் போகும் இழப்பெல்லாம் கணக்கிலேயே வராது. ஆறு ஸ்பீக்கர் என்றால் 60 வாட். 80 வாட் ஆம்ப்ளிஃபையர் எடுங்கள். அறைக்கு அறை சுவரில் வால்யூம் திருகி வைத்துக்கொள்ளலாம்.

செம்மண்டலம் புதுவீடு | 10.31

தரைத்தளக் கூரைதான். 6 இடம். இது முக்கியமாக அம்மாவுக்குத்தான். விடியற்காலையில் பூஜை அறையில் பாட்டுப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி, கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் நின்று ஒரு வரி கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போவார். புது வீட்டில் அது இருக்கக் கூடாது. 2.5 வாங்கிவிடட்டுமா?

கெடிலக்கரை | 10.44

பட்ஜெட், தூரம் இரண்டும் இன்னும் சொல்லவில்லை. சரி, பொதுவாகச் சொல்கிறேன். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்கு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். அறை 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 40 மீட்டர், கிட்டத்தட்ட அரை ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஆறு சதவீதம். ஐந்துக்குள் வைப்பது நல்லது. ஆகவே 15 மீட்டர் வரை 1.5 போதும், அதற்கு மேல் 2.5. எலக்ட்ரீஷியன் சொல்லும் 1 பக்கத்து அறைக்கு மட்டும் சரி.

ஆனால் நாளைக்கு நீங்கள் ஒயர் வாங்கவே வேண்டாம். பைப் வாங்குங்கள். கான்கிரீட் மூடிவிட்டால் திரும்பி வராதது பைப் மட்டும்தான். ஒயரை ஆறு மாதம் கழித்தும் இழுக்கலாம்.

25 எம்எம் பைப், ஒவ்வொரு ஸ்பீக்கர் இடத்துக்கும் தனித்தனியாக, ஆம்ப்ளிஃபையர் வைக்கும் இடத்தில் எல்லாம் வந்து சேரட்டும். லைட், ஃபேன் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கவே கூடாது. இரைச்சல் வரும் என்பதைவிட, உள்ளே ஒயர் தோல் உரிந்தால் 230 வோல்ட் ஸ்பீக்கருக்கு வந்துவிடும் என்பதுதான் காரணம். நீள வளைவு போடுங்கள், எல்போ வேண்டாம். இரண்டு ஜங்ஷன் பெட்டிக்கு நடுவில் இரண்டு வளைவுக்கு மேல் போனால் ஒயர் சிக்கும். மூட்டுகளில் பசை தடவி டேப்பும் சுற்றச் சொல்லுங்கள். என் அண்ணன் வீட்டில் ஒரு மூட்டு விலகி, சிமென்ட் பால் உள்ளே போய் உறைந்து, அந்த பைப் இன்றுவரை சும்மா கிடக்கிறது.

தேவனாம்பட்டினம் | 11.02

கடல்காற்றை யாரும் சொல்லவில்லையே. செம்மண்டலம் எங்களைப் போலக் கரையோரம் இல்லை, ஆனாலும் உப்புக்காற்று வரும். மொட்டைமாடியில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தேன். இரண்டாவது வருடம் சத்தம் கரகரவென்று வந்தது. கழற்றிப் பார்த்தால் ஒயர் முனை பச்சையாகப் பொரிந்திருந்தது. இரண்டு அங்குலம் வெட்டினேன், உள்ளே செம்பு இழை கறுப்பு. இன்னும் இரண்டு அங்குலம் வெட்டினேன், அப்போதும் கறுப்பு. ஒவ்வொரு முனையிலும் ஓர் அடி கூடுதலாகச் சுருட்டி விடுங்கள், வெட்டி வெட்டிக் கட்டலாம். வெளியே போகும் இடத்துக்கு ஈயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதுதான் நிற்கும்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. பாட்டரி ரேடியோதான் துணை. ஆம்ப்ளிஃபையர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது, மற்றதில் ஒரு உறுமல் கேட்கும்.

முத்தியால்பேட்டை | 11.10

இவ்வளவு பைப்பும் வளைவும் ஒரு பாட்டுக்காகவா? வைஃபையில் இதில் எதுவுமே இல்லை.

கெடிலக்கரை | 11.17

உங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறது, சந்தோஷம். கம்பி கட்டிய கூரைக்கு மேலே மாடிக்கு வைஃபை போவது வீட்டுக்கு வீடு மாறும். அப்புறம் இந்தக் கருவிகளின் ஆயுள் நம் கையில் இல்லை. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2019 தொடக்கத்தில் நின்றது. லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் 2012இலேயே போனது, அதன் மென்பொருளை மட்டும் ஆர்வலர்கள் இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். செம்பு ஒயர் இருந்தால் அதன் முனையில் எந்தக் காலத்துப் பெட்டியையும் மாட்டலாம். கூடவே ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளுக்கும் இடம் விட்டால் வைஃபை வழியும் திறந்தே இருக்கும்.

லாஸ்பேட்டை | 11.25

ஒலிப்பெட்டி ஐயா சொல்லும் 100 வோல்ட் லைன் மோனோ, இடது வலது பிரிவு இல்லாத ஒற்றைத் தடம். வீட்டில் யார் மோனோ கேட்பார்கள்? இளையராஜா பாட்டில் இடது பக்கம் கிடார், வலது பக்கம் வயலின் என்று பிரித்து வைத்திருப்பதைக் கேட்பதுதானே சுகம். அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் அடிச்சத்தமும் (பேஸ்) மெலிந்துவிடும்.

ஒலிப்பெட்டி | 11.33

அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டு நடக்கிறவருக்கு ஸ்டீரியோ எங்கே கிடைக்கும்? இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்தால்தான் ஸ்டீரியோ. மற்ற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் காதில் விழும், பாட்டில் பாதி காணாமல் போகும். படித்துவிட்டு எழுதினால் நேரம் மிச்சம்.

நாயனம் | 11.41

அம்மா கேட்கும் பழைய பக்திப் பாட்டில் பல மோனோவில் பதிந்தவைதான். 1956இல் மறைந்த நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேளுங்கள். ஒற்றைத் தடம், கீறல் சத்தம், ஆனால் ஆள் எதிரே நிற்கிறார். மோனோவைக் குறைவாகப் பேசாதீர்கள்.

லாஸ்பேட்டை | 11.46

அன்று வேறு வழி இல்லாததால் மோனோ. இன்று வழி இருக்கும்போது எதற்கு? அப்புறம் என்னைப் படிக்கச் சொல்கிறவர் டிரான்ஸ்ஃபார்மர் பற்றி நான் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை.

ஒலிப்பெட்டி | 11.50

நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் மெலியாது. மலிவானதைக் கேட்டுவிட்டு முறையையே குறை சொல்கிறீர்கள்.

கெடிலக்கரை | 11.58

இருவர் சொல்வதும் வெவ்வேறு அறைக்குச் சரி. ஹாலில் உட்கார்ந்து கேட்கிறார்கள், அங்கே தனி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கர். அடுப்படி, பூஜை அறை, நடை, படுக்கையறைக்கு 100 வோல்ட் மோனோ. பைப் இரண்டுக்கும் ஒன்றேதான், ஹாலுக்கு மட்டும் இரண்டு. ஒரு எச்சரிக்கை: மோனோ ஆக்க இடது வலது ஒயரை முறுக்கிக் கட்டிவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபையரின் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதிப் போய்விடும். மோனோ பொத்தான் உள்ள ஆம்ப்ளிஃபையர் எடுங்கள்.

செம்மண்டலம் நண்பரே, இருக்கிறீர்களா? ஆம்ப்ளிஃபையர் எந்த இடம்?

தேவனாம்பட்டினம் | மறுநாள் காலை 7.15

தூங்கிவிட்டார் போல. கடை திறப்பதற்குள் படித்தால் நல்லது.

செம்மண்டலம் புதுவீடு | மூன்று நாள் கழித்து, இரவு 8.20

கான்கிரீட் போட்டாச்சு. ஒயர் வாங்கவில்லை, 25 பைப் வாங்கினேன். ஐந்து இடத்துக்குப் போட்டோம், எல்லாம் படிக்கட்டுக்கு அடியில் வந்து சேர்கிறது. மாடிப் படுக்கையறைக்கு விட்டுப்போச்சு, அவசரத்தில் கவனிக்கவில்லை. அடுப்படிக்கு அடுப்பு மேடைக்கு மேலே பெட்டி வைத்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

கெடிலக்கரை | 8.34

நல்ல வேலை. மாடிக்குப் படிக்கட்டுச் சுவரை ஒட்டி ஏற்றிவிடலாம், அதற்காக ஸ்லாப்பில் துளை போட விடாதீர்கள். பைப் வாய்களைத் துணியோ தெர்மோகோலோ வைத்து அடைத்தீர்களா? பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொன்றிலும் நைலான் கயிறு விட்டு இந்த முனை அந்த முனை இழுத்துப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் | 8.41

அடுப்புக்கு மேலே வேண்டாம். எண்ணெய்ப் புகையும் ஆவியும் ஏறி ஸ்பீக்கர் வலை பிசுக்குப் பிடிக்கும், தாளிக்கும் சத்தமும் அங்கேதான். எதிர்ச்சுவரில் ஏழடி உயரத்தில், அம்மாவின் காதுக்கு நேராகத் திருப்பி வையுங்கள். பூச்சுக்கு முன் அந்தப் பெட்டியிலிருந்து எதிர்ச்சுவருக்குப் பைப் நீட்டினால் போதும். அடுப்படி எந்தத் திசை பார்த்து இருக்கிறது?